சேவுகன் மூக்கும் தலைவலியும்

புதுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் இடையில் பஸ் ஓட்டிய சேவுகனை அந்தப் பாதையில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோணமூக்கு டிரைவர் என்றால்தான் தெரியும். அதில் அவனுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. சமஸ்தானத்தில் அப்போது பஸ் ஓட்டத் தெரிந்தவர்களே கொஞ்சம் பேர். அதில் ஒருவனை அடையாளம் சொல்ல ஒரு மூக்கு உதவுகிறது என்றால் உதவட்டுமே என்று இருந்தான்.

பிறக்கும்போது அந்த மூக்கு நேராகத்தான் இருந்தது. அதைத் திருப்பி வைத்தது பஸ்தான். அந்தக் காலத்து பஸ்ஸுக்குச் சாவியைத் திருப்பினால் உயிர் வந்துவிடாது. முன்னால் போய்க் குனிந்து, இரும்பு ஹேண்டிலைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுழற்ற வேண்டும். என்ஜினுக்கு மனசு இருந்தால் உறுமும். மனசு இல்லாவிட்டால் ஹேண்டிலை எதிர்ப்பக்கமாக உதறிவிடும். முப்பத்தாறாம் வருஷத்து மார்கழியில் ஒரு குளிர்ந்த காலை, அது அப்படித்தான் உதறியது. கையை விட்டு எகிறிய இரும்பு நேராக மூக்கில் விழுந்தது.

கண்டக்டர் நாகராசு ஓடி வந்து தன் துண்டைக் கிழித்து மூக்கில் அடைத்தான். உள்ளே ஜனங்கள் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. சேவுகன் மறுபடி ஹேண்டிலை எடுத்தான். இந்தத் தடவை என்ஜின் மறுபேச்சுப் பேசாமல் பிடித்துக்கொண்டது. இரத்தம் காய்ந்த சட்டையோடு அறந்தாங்கி போய்த் திரும்பி, சாயங்காலம் திருக்கோகர்ணத்து வீட்டு வாசலில் வந்து நின்றான். அவன் மனைவி அமிர்தவல்லி விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“காலையில போனது வேற ஆளாச்சே” என்றாள்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. மஞ்சள் பற்றுப் போட்டாள். வீக்கம் வடிந்ததும் மூக்கு இடப்பக்கம் சாய்ந்து நின்றுகொண்டது. எலும்பு கட்டுகிறவரிடம் போகலாம் என்று கூப்பிட்டுப் பார்த்தாள். இனி ஒருத்தனை அதில் கை வைக்க விடமாட்டேன் என்று சேவுகன் சொல்லிவிட்டான்.

தலைவலி ஆரம்பித்தது அடுத்த கோடையில்.

வலப்புருவத்துக்கு மேலே, உள்ளேயிருந்து யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும். காலையில் லேசாகத் தொடங்கி, வெயில் ஏற ஏற ஏறி, பொழுது சாயும்போது போனால் போகிறது என்று விடும். ஜலதோஷம் பிடித்துவிட்டாலோ விடவே விடாது. வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொள்வான். பிரயாணிகள் இறங்கிக் காலாற நடப்பார்கள், யாரும் திட்டவில்லை. அதற்குப் பதில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

கடற்கரையிலிருந்து கருவாடு கொண்டுவந்து விற்கிற முனியாயி, “இது கண்ணேறு அப்பு. இம்மாம் பெரிய வண்டிய ஒத்த ஆளா ஓட்டுறியே, எத்தன பேரு பாக்குறாக” என்றாள். பின்சீட்டிலிருந்து ஒருவர் பித்தம் என்றார். இன்னொருவர் கடைவாய்ப் பல் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். சேவுகன் எதையும் விட்டுவைக்கவில்லை. சுற்றிப் போட்டார்கள். அமிர்தவல்லி இழைத்துக் கொடுத்த சுக்கைப் பூசினான். நொச்சி இலையைக் கொதிக்க வைத்து ஆவி பிடித்தான். அறந்தாங்கிச் சந்தையில் பல் பிடுங்குகிறவனிடம் உட்கார்ந்து, கல் மாதிரி இருந்த ஒரு பல்லைப் பறிகொடுத்துவிட்டு வந்தான். பல் போயிற்று, வலி இருந்தது. கண்ணாடி போட்டுப் பார்த்தான். அதைப் போட்டுக்கொண்டு ஓட்டியபோது ரோடு பள்ளமாகத் தெரிந்ததால் கழற்றி நாகராசுவிடம் கொடுத்துவிட்டான். அவன் அதைத் திருவிழாவுக்குத் திருவிழா மாட்டிக்கொண்டு திரிந்தான்.

பஸ் முதலாளி நல்ல மனிதர்தான். ஆனாலும் ஒருநாள் கூப்பிட்டு, “சேவுகா, தலையப் புடிச்சிக்கிட்டு வண்டியப் பள்ளத்துல விட்டுராதப்பா. கொஞ்ச நாள் வீட்டுல இருந்து பாரு” என்றார். கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தம் என்று சேவுகனுக்குத் தெரியும். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அவன் முற்றத்தில் உட்கார்ந்து கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது, பின்னால் நின்ற அமிர்தவல்லி எதையோ கவனித்தாள்.

“இந்தாங்க, கண்ணாடிய இன்னும் கிட்டத்துல வைங்க. வாய மூடிக்கிட்டு மூச்சு விடுங்க.”

விட்டான். கண்ணாடியில் இடப்பக்கம் மட்டும் ஆவி படிந்தது. வலப்பக்கம் பளிச்சென்று இருந்தது.

“வலி எந்தப் பக்கம்?”

“வலப்பக்கம்.”

“அடைப்பும் வலப்பக்கந்தான்.”

“அடைப்பு மூக்குல. வலி நெத்தியில.”

“மூக்கும் நெத்தியும் என்ன வேற வேற ஊரா?” என்றாள் அவள்.

கீழராஜ வீதியில் புதிதாக ஒரு டாக்டர் பலகை மாட்டியிருந்தார். ரெங்கராஜ் என்று பெயர்; சென்னையில் படித்தவர். மூக்கு, காது, தொண்டை வைத்தியம் மட்டும் செய்யப்படும் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ஊரில் சிரித்தார்கள். கழுத்துக்குக் கீழே என்ன வந்தாலும் அவருக்குத் தெரியாதாம் என்று பேச்சு. ஆகையால் அவர் வீட்டு முன்னறையில் பெஞ்சுகள் காலியாகத்தான் கிடந்தன. அமிர்தவல்லி புருஷனை இழுத்துக்கொண்டு போய் அதில் ஒன்றில் உட்கார வைத்தாள்.

டாக்டர் நெற்றியில் வட்டக் கண்ணாடி ஒன்றைக் கட்டிக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தை அதில் வாங்கி மூக்குக்குள் விட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“மூக்குக்கு நடுவுல ஒரு தடுப்பு உண்டு. வீட்டு நடுச்சுவர் மாதிரின்னு வச்சுக்குங்க. ஒங்களுக்கு அது வலப்பக்கமாப் பொடச்சு, எதிர்ச்சுவத்தப் போய் முட்டிக்கிட்டு நிக்குது” என்றார்.

“வெளியில இடப்பக்கமாத்தானே ஐயா சாஞ்சிருக்கு?”

“வெளியில ஒரு பக்கம் சாஞ்சா உள்ளயும் அதே பக்கம் சாயணும்னு இல்ல.”

“அதுதான் தலைவலியா?”

“தெரியல” என்றார் டாக்டர். சேவுகன் அதுவரை பார்த்த வைத்தியர்களில் தெரியவில்லை என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். “வலி இருக்கிறப்ப வாங்க. அப்பப் பாத்தா ஏதாச்சும் தெரியலாம்.”

வலி அந்த வாரமே வந்தது. முதலாளியிடம் கெஞ்சி வண்டியை விடாமல் ஓட்டிக்கொண்டிருந்த சேவுகனுக்கு அறந்தாங்கியிலிருந்து வரும்போதே பிடித்துவிட்டது. ஊருக்குள் நுழைந்ததும் அவன் பஸ் நிற்கிற இடத்துக்குப் போகவில்லை. ஜனங்களோடு வண்டியை நேராகக் கீழராஜ வீதிக்குத் திருப்பி, டாக்டர் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். நாகராசு பின்னாலிருந்து கத்தியது அவன் காதில் விழவில்லை. பிரயாணிகள் இறங்கிப் போயிருக்கலாம். ஒருத்தரும் போகவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். முன்வரிசையில் கருவாட்டுக் கூடையோடு முனியாயி.

டாக்டர் மெல்லிய கம்பி ஒன்றில் பஞ்சைச் சுற்றி, மரத்துப்போக வைக்கிற மருந்தில் தோய்த்து, தடுப்பு முட்டுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்தார். வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து காத்திருந்தார். சேவுகன் கண்ணை மூடியிருந்தான். நெற்றிக்குள் அழுத்துகிற அந்தக் கட்டைவிரல் முதலில் கொஞ்சம் தளர்ந்தது. பிறகு, கண்மாயில் மடை திறந்தால் தண்ணீர் வடிகிற மாதிரி வலி வடிந்து கீழே இறங்கிக் காணாமலே போய்விட்டது. அவன் கண்ணைத் திறந்தான்.

“போயிருச்சா அப்பு?” என்றாள் முனியாயி ஜன்னலிலிருந்து.

அவன் தலையாட்டினான். ஜனங்கள் பஸ்ஸில் ஏறும்போது ஏதோ அவர்களே குணப்படுத்திய மாதிரி பேசிக்கொண்டே ஏறினார்கள்.

டாக்டருக்கு மட்டும் திருப்தி இல்லை. அடுத்த தடவை வலியோடு போனபோதும் அதே மாதிரி பஞ்சு வைத்தார். வலி அசையவில்லை. “என்ன ஐயா, மருந்து வேல செய்யல” என்றான் சேவுகன். “செய்யாது. இன்னைக்கு வச்சது வெறும் உப்புத் தண்ணி” என்று சொல்லிவிட்டு, நிஜ மருந்தை வைத்தார். வலி இறங்கியது. தன்னை ஏமாற்றிவிட்டாரே என்று அவனுக்குக் கோபம் வந்தது. அமிர்தவல்லிக்கோ அப்போதுதான் அந்த டாக்டர் மேல் முழு நம்பிக்கை வந்தது.

“ஆபரேசன் பண்ணித் தடுப்ப நேராக்கிரலாம்” என்றார் டாக்டர். “மூச்சு நல்லா வரும், அதுக்கு நான் பொறுப்பு. தலைவலி போகும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். வளஞ்ச மூக்குக்காரங்க ஊருல எத்தனையோ பேரு. எல்லாருக்கும் தல வலிக்குதா என்ன?”

“எனக்கு வலிக்குதே” என்றான் சேவுகன்.

ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கிடையாது. மூக்கை மரத்துப்போக வைத்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் செய்தார். வலி தெரியவில்லை, சத்தம் தெரிந்தது. நார்த்தாமலைப் பக்கம் பாறையில் உளி விழுகிற சத்தத்தை அவன் பலமுறை கேட்டிருக்கிறான். அது இப்போது தன் தலைக்குள்ளேயே கேட்டது. துணைக்கு வந்திருந்த நாகராசு கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். முதல் எலும்புத் துண்டு தட்டில் விழுந்ததும் அவனும் தரையில் விழுந்தான். அமிர்தவல்லி புருஷனை விட்டுவிட்டு அவன் முகத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டியதாகப் போயிற்று. சேவுகனுக்குச் சிரிப்பு வந்தது. “சிரிக்கப்படாது” என்று டாக்டர் அதட்டினார்.

மூக்கில் அடைத்திருந்த துணியை எடுத்தபோது இரண்டு பக்கமும் காற்று ஓடியது. வெகு நாளாகப் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்த மாதிரி இருந்தது அவனுக்கு. வேலைக்குத் திரும்பிய முதல் நாள், முனியாயி ஏறியதும் திரும்பிப் பார்த்தான்.

“ஏத்தா, ஒன் கருவாட்டுக் கூட இப்படியா நாறும்?”

“இத்தன நாளும் நான் மல்லியப்பூவா ஏத்துனேன்?” என்றாள் அவள்.

வெளியே மூக்கு கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது; டாக்டர் உள்ளே மட்டும்தான் நேராக்கியிருந்தார். ஆனால் தலைவலி போய்விட்டது. மாதங்கள் போயின. புளியமரத்தைத் தாண்டும்போது நாகராசு பழக்கத்தில் விசில் ஊதுவான். சேவுகன் நிறுத்தாமல் போவான். வீட்டில் இருந்து பார் என்கிற பேச்சையே முதலாளி விட்டுவிட்டார்.

அதன் பிறகு சேவுகனுக்கு வேறொரு வியாதி பிடித்தது. தலை வலிக்கிறது என்று யார் சொன்னாலும் அவர்கள் மூக்கைப் பார்க்க ஆரம்பித்தான். பஸ்ஸில் ஏறுகிறவர் நெற்றியில் கை வைத்தால் போதும், “வலி எந்தப் பக்கம்? வாய மூடிக்கிட்டு மூச்சு விடுங்க” என்பான். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு கைக்கண்ணாடியையும் சொருகி வைத்திருந்தான். ஒரு திங்கட்கிழமை வழிநெடுகச் சேர்த்த தலைவலிக்காரர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய் டாக்டர் வாசலில் இறக்கினான். காலியாகக் கிடந்த பெஞ்சில் அன்று இடமில்லாமல் பாதிப் பேர் நின்றார்கள்.

டாக்டர் பொறுமையாக ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒரு பண்டாரத்துக்குச் சொத்தைப் பல். ஒரு வாத்தியாருக்குக் கண் மங்கல். விடிந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்த ஒரு அம்மாளுக்குச் தன் வீட்டுச் சமையல்காரரைக் கொண்டு இட்லி கொடுக்க வைத்தார். தின்று முடித்ததும் வலி போயிற்று. மூக்கு வளைந்தவர்கள் சிலர் இருந்தார்கள். பஞ்சு வைத்துப் பார்த்ததில் அவர்களில் ஒருவருக்கும் வலி இறங்கவில்லை. எல்லோரும் போன பிறகு டாக்டர் சேவுகனைக் கூப்பிட்டு, கூடவே நாகராசுவையும் நாற்காலியில் உட்கார வைத்து மூக்குக்குள் பார்த்தார்.

“இதப் பாருங்க. ஒங்களுக்கு இருந்தத விட இவருக்கு மோசமா வளஞ்சிருக்கு. ஏம்ப்பா, ஒனக்குத் தல வலிக்குமா?”

“தலவலின்னா எப்படிங்க இருக்கும்?” என்றான் நாகராசு.

சேவுகன் அன்றே கைக்கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். ஆனாலும் மனசுக்குள் மூக்குதான் என்கிற எண்ணம் முழுதாகப் போய்விடவில்லை.

யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. நாற்பத்திரண்டில் பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய உருளையைக் கட்டி, அடுப்புக்கரியைப் போட்டு, அந்தப் புகையில் வண்டி ஓட்டச் சொன்னார்கள். அது காலையில் கிளம்புவதற்கே நாகராசு நெடுநேரம் கை விசிறியைச் சுழற்ற வேண்டும். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். கொஞ்ச நாளில் சேவுகனுக்குத் தலை கனக்க ஆரம்பித்தது. நெற்றி முழுதும் வலி, வயிற்றுப் புரட்டல். ஓடினான் டாக்டரிடம்.

“ஐயா, மறுபடி வளஞ்சிருச்சு.”

டாக்டர் பார்த்தார். “நான் வச்சது வச்சபடி இருக்கு. வண்டியில மத்தவங்களுக்கு எப்படி?”

யோசித்தால் எல்லோருக்கும்தான் வலித்தது. தலைவலி என்றால் என்னவென்று கேட்ட நாகராசுவே இரண்டு நாளாகத் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். கரிப்புகை என்றார் டாக்டர். உருளையில் எங்கேயோ கசிகிறது, அதை அடை, ஜன்னலைத் திறந்து ஓட்டு, மூக்கை விட்டுவிடு என்று சொல்லி அனுப்பினார்.

அன்று வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு நடுப்பகலிலேயே வீட்டுக்கு வந்தான் சேவுகன். அந்த நேரத்தில் அவன் வீட்டுக்கு வந்ததே இல்லை. அடுப்பு எரியவில்லை. உள் அறையில் ஜன்னலைச் சாத்தி, வாசலில் சேலையைத் தொங்கவிட்டு, இருட்டில் அமிர்தவல்லி சுருண்டு படுத்திருந்தாள். பக்கத்தில் வாந்தி எடுத்த சட்டி.

“என்ன அமிர்தம்?”

“சத்தம் போடாதீங்க. தல.”

“எப்பருந்து?”

“காலையில கண்ணுக்கு முன்னால மின்னல் மாதிரி நெளிஞ்சது. நெளிஞ்சா வந்துரும்.”

“இதுக்கு முந்தி வந்திருக்கா?”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். “கலியாணத்துக்கு முந்தியே உண்டு. மாசத்துல ஒருக்க, ரெண்டு தடவ வரும். நீங்க வாரதுக்குள்ள எந்திரிச்சிருவேன்.”

சேவுகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் தலைவலிக்கு இந்தச் சமஸ்தானமே வைத்தியம் சொல்லியிருக்கிறது. புளியமரத்தடியில் ஒரு பஸ் ஜனம் காத்திருந்திருக்கிறது. சுக்கு இழைத்ததும் ஆவி பிடிக்க இலை கொதிக்க வைத்ததும் இவள். எத்தனை தடவை அதை இவள் தன் வலியோடு செய்தாளோ தெரியாது. பஸ்ஸில் ஏறியவர்களை எல்லாம் கேட்டவன், வீட்டில் ஒருத்தியைக் கேட்கவில்லை.

“ஏன் சொல்லல?”

“ஒரே வீட்டுல ரெண்டு தலவலி எதுக்குன்னுதான்” என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடி.

அவளுக்குத் தெளிந்ததும் டாக்டரிடம் அழைத்துப்போனான். டாக்டர் வெளிச்சத்தை விட்டுப் பார்த்துவிட்டு, மூக்கு கம்பி மாதிரி நேராக இருக்கிறது என்றார்.

“நல்லாப் பாருங்க ஐயா. சின்ன வளைவாவது இருக்கும்.”

“இல்லாத வளைவ நான் எங்க போய்க் கொண்டுவர?”

“பஞ்சு வச்சுப் பாருங்களேன்.”

சேவுகன் கெஞ்சுவதைப் பார்த்து டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். இது வேறு ஜாதித் தலைவலி, மண்டைக்குள்ளேயே பிறக்கிறது, வெட்டி எடுக்க இதில் ஒன்றும் இல்லை என்று நிதானமாகச் சொன்னார். வந்தால் இருட்டில் படுக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், பட்டினி கூடாது. வயசு ஏற ஏற இது குறையலாம். “என் கையில இருக்கிறது அவ்வளவுதான்” என்றார்.

திரும்பி நடக்கும்போது அவள்தான் அவனைத் தேற்ற வேண்டியிருந்தது.

அதன் பின் அவன் பஸ்ஸில் மூக்கு வைத்தியம் செய்ததாக யாரும் சொல்லவில்லை. ராத்திரி அவன் வருகிறவரைக்கும் அவள் சாப்பிடாமல் காத்திருக்கிற வழக்கத்தை முதலில் நிறுத்தினான். அதற்கு ஒரு வாரம் சண்டை நடந்தது. மின்னல் நெளிகிற நாட்களில் முதலாளியிடம் சொல்லிவிட்டு வண்டியை வேறு டிரைவரிடம் விட்டான். காரணம் கேட்டால், “வீட்டுல தலவலி” என்பான். யுத்தம் முடிந்து பஸ்ஸின் முதுகிலிருந்து கரி உருளையை இறக்கிய வருஷம்கூட அவளுக்கு வலி வந்துகொண்டுதான் இருந்தது. முன்னைக்கு இப்போது குறைவு.

அப்படி ஒரு நாள் சாயங்காலம் வலி விட்டு அவள் எழுந்து வந்தபோது, சேவுகன் அடுப்படியில் புகைக்கு நடுவே குந்தியிருந்தான். சோறு குழைந்திருந்தது. ரசத்தில் மிளகு அள்ளிப் போட்டிருந்தான், உப்புப் போட மறந்திருந்தான். அமிர்தவல்லிக்கு நல்ல பசி. ஒரு வாய் எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவன் ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னங் கொஞ்சம் ஊத்துங்க” என்றாள்.